பையனைத் திட்டாதீர்கள், லேபிளைப் படியுங்கள்

மின்வாரியத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். ஒரு வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது என்று போனால், "யார் சுவிட்சைப் போட்டது?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "லோடு எவ்வளவு, கம்பி என்ன கம்பி?" என்றுதான் கேட்போம். இந்த அரிச்சுவடியை மறந்துவிட்டு, 16 வயதுப் பையன் ஒருவனைக் குடும்பமே சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தபோது நானும் கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். காலையில் என்னோடு பூங்காவில் நடக்கும் நண்பர் ஒருவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேரன் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினான். கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். தாத்தா தன் டெபாசிட் ஒன்று முதிர்ந்த பணத்திலிருந்து 38,000 ரூபாய் எடுத்து ஒரு அசெம்பிள்ட் செட் வாங்கிக் கொடுத்தார். மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. பில்லில் மொத்தமே ஒரு வரி: "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்." பெட்டி முழுக்கக் கலர் விளக்கு. "சீரியல் செட் போட்ட கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு சார்" என்று நண்பருக்கு ஒரே பெருமை.

பையனுக்கு அந்தப் பெருமை ஒரு வாரம்தான். அவன் ஆட நினைத்த கேம் எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. படம் தத்தித் தத்தி நகர்ந்தது. அவன் யாரிடமும் புகார் சொல்லவில்லை. தாத்தா மனசு நோகும் என்று நினைத்திருப்பான் போல. கைக்காசு, பிறந்த நாள் காசு எல்லாம் சேர்த்து 2025 பொங்கலுக்கு 6,000 ரூபாயில் பழைய ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கித் தானே மாட்டினான். அன்று ராத்திரி ஆட ஆரம்பித்து இரண்டாவது மணி நேரத்தில் "டப்" என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. செட் செத்துவிட்டது.

"ராத்திரி பகலா ஆடினா எரியாம என்ன செய்யும்?" இது அவன் அப்பா. "பணத்தோட அருமை தெரியல" என்றது பாட்டி. மின்சாரம் தெரிந்த பெரிய மனிதன் என்று என்னை வேறு கூப்பிட்டிருந்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷினுக்கும் ரெஸ்ட் வேணும்டா கண்ணா." என்ன ஞானம் பாருங்கள்! ஃப்ரிட்ஜுக்கு யார் ரெஸ்ட் கொடுக்கிறார்கள்?

பையன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "தாத்தா, இந்தக் கார்டுக்கு 450 வாட் வேணும்னு கம்பெனி போட்டிருக்கு. எஸ்எம்பிஎஸ் மேலயும் 450 வாட்னுதான் எழுதியிருக்கு. பாத்துட்டுத்தான் மாட்டினேன்." யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான். ராத்திரி படுத்த பிறகு அந்த வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பையன் கணக்குப் பார்த்திருக்கிறான். அப்படியானால் தப்பு எங்கே?

மறுநாள் காலை நடையை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு போனேன்.

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு 230 வோல்ட் ஏசியை வாங்கி, உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வேண்டிய 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் டிசியாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பக்கவாட்டில் ஒரு லேபிள். பெரிய எழுத்தில் 450 வாட். அதற்குக் கீழே கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு கட்டம். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஐடிஐ முதல் வருடப் பையன் சொல்வான். 12 பெருக்கல் 16, 192 வாட்.

இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பசியாறுவது அந்த 12 வோல்ட்டில்தான். 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் எத்தனை ஆம்பியர் எழுதி வைத்தாலும் அவற்றுக்கு உதவாது. அந்தக் கார்டு 150 வாட் கேட்கும். பிராசசர் 95 வாட். இரண்டும் சேர்ந்தால் 245. கொடுக்க முடிந்தது 192, அதுவும் லேபிள் உண்மை சொல்கிறது என்று வைத்துக்கொண்டால். 5 ஹெச்பி மோட்டார் என்று பெயின்ட் அடித்து 2 ஹெச்பி மோட்டாரைக் கிணற்றில் இறக்கினால் எந்த விவசாயி சும்மா இருப்பான்? பம்ப் செட்டுக்காரனைச் சட்டையைப் பிடித்துக் கேட்பான். நாம் பேரனைத் திட்டினோம்.

அந்தப் பெட்டியை நண்பர் வீட்டுச் சமையலறைத் தராசில் வைத்தேன். முக்கால் கிலோகூடத் தேறவில்லை. டிரான்ஸ்ஃபார்மரையும் ஹீட் சிங்கையும் ஒழுங்காக வைத்த பெட்டி இந்த எடையில் வராது.

பையன் பக்கத்தில் ஒரு தவறு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்டுக்கு 8 பின் ஒயர் வேண்டும். இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே கிடையாது. பழைய நாலு பின் ஒயரிலிருந்து மாற்றித் தரும் ஒட்டு ஒயர் ஒன்றை வாங்கிச் சொருகியிருந்தான். வேண்டிய ஒயர் பெட்டியிலிருந்தே வரவில்லை என்றால், இந்தச் சுமைக்கு நான் ஆள் இல்லை என்று அந்தப் பெட்டியே சொல்கிறது என்று அர்த்தம். ஆனால் இதை 16 வயசுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 34 வருடம் இதே வேலை பார்த்த நான் அடுத்த தெருவில் இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் போய் எட்டிப் பார்க்கவில்லை.

சரி, அந்த ஐ7 கதைக்கு வருவோம். எனக்கு அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நம் வயசுக்காரர்களுக்கு ஐ3, ஐ5, ஐ7 என்றால் ரயிலில் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு மாதிரி ஓர் எண்ணம். அது அதே தலைமுறைக்குள் மட்டும் ஓரளவு உண்மை. ஐ7 என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். நண்பர் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது ஐ7 2600. இன்டெல் அதை வெளியிட்டது 2011 ஜனவரியில். இரண்டாவது தலைமுறை. எங்கோ ஒரு ஆபீஸில் உழைத்து ஓய்வு பெற்ற சிப், என்னைப் போல. அதைப் பெயர் தெரியாத கம்பெனியின் புத்தம் புது எச்61 மதர்போர்டில் உட்கார வைத்து, டிடிஆர்3 ரேம் சொருகி, "புது செட்" என்று விற்றிருக்கிறார்கள். மதர்போர்டு அட்டைப்பெட்டி புதுசு, அதனால் செட்டும் புதுசாம்.

2022-ல் வந்த ஐ3 12100 என்ற சின்னப் பெயர்க்காரனுக்கும் நாலு கோர், எட்டு த்ரெட்தான். இந்த ஐ7 2600-க்கும் அதேதான். ஆனால் 11 வருட வித்தியாசத்தில் அந்த ஐ3 இந்த ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இது கடைக்காரருக்குத் தெரியும். நண்பருக்குத் தெரியாது. அந்த இடைவெளிதான் அவர்களுடைய லாபம்.

இன்னொன்று. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது இன்டெல்லில் பொதுவாக 8-வது தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குள் ஒரு வருடம்கூட இல்லாத நிலையில் இப்படி ஒரு செட்டை ஒரு பையன் தலையில் கட்டினார்கள். சுற்றுவழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஏறும். ஆனால் இவன் கூட்டாளிகள் எல்லோரும் ஆடும் வாலரன்ட், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0 இல்லாவிட்டால் உள்ளே விடாது. அப்புறம் கலர் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த "4 ஜிபி கிராபிக்ஸ்" என்னவென்று பார்த்தேன். ஜிடி 730, டிடிஆர்3 நினைவகம் போட்டது. 2014-ல் வந்த, திரையில் படம் காட்டினால் போதும் என்பதற்கான கார்டு. 4 ஜிபி என்பது அண்டாவின் கொள்ளளவு. குழாய் அரை இஞ்ச் என்றால் அண்டா எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்?

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தாத்தா" என்று மட்டும் சொன்னான். எனக்கு அப்போது என் அப்பா ஞாபகம் வந்தது. 1974, நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கி வந்து டிரான்சிஸ்டர் ரேடியோ கட்டிக்கொண்டிருந்த காலம். ஏசி 128 போட வேண்டிய இடத்தில் ஏசி 127-ஐப் போட்டுவிட்டேன். ஒரு எண்தானே வித்தியாசம் என்ற அலட்சியம். ஒன்று பிஎன்பி, மற்றது என்பிஎன். பார்க்க அண்ணன் தம்பி, வேலையில் நேர் எதிர். தொட்டால் சுட்டது, பிறகு செத்தது. பஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கியது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், மாசக் கடைசி. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "கடைக்காரரைக் கேட்டு எழுதிக்கிட்டு வா" என்றார். அந்த ரேடியோ பாடியது. நான் மின்வாரியத்துக்குப் போனதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம்.

ஆகவே நண்பரிடம் பேசி, பையனையும் அழைத்துக்கொண்டு மூன்று பேருமாக அதே ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுன்ட் ரோட்டில் இறங்கி நரசிங்கபுரம் தெரு வழியாக நுழையும்போது 50 வருடம் பின்னால் போன மாதிரி இருந்தது. போவதற்கு முன்னால் பையனை ஒரு வேலை செய்யச் சொன்னேன். ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண், அது எதோடு சேரும், எதோடு சேராது என்று எழுதச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினான். சத்தியமாகச் சொல்கிறேன், என் ஜூனியர் இன்ஜினியர்கள் சிலர் எழுதிய எஸ்டிமேட்டைவிட நன்றாக இருந்தது.

அந்தத் தாளிலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான் பாக்கி விஷயம். பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஐ7 2600-க்கு 1155 பின் சாக்கெட், 12-வது தலைமுறைக்கு 1700. ஏஎம்டி என்றால் ஏஎம்4, ஏஎம்5 என்று பிரிவு. சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். பழைய பி450 போர்டில் ரைசன் 5 5600-ஐ உட்கார வைத்தால் உடல் பொருந்தும், பயாஸ் புதுப்பிக்காவிட்டால் உயிர் வராது. கடையிலேயே புதுப்பித்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ரேமிலும் இதே வம்பு. 1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 போடுவது ஒரு ரகம், டிடிஆர்5 போடுவது ஒரு ரகம். இரண்டு ரேமுக்கும் 288 பின், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் ரேம் உட்காராது, போர்டுதான் உடையும்.

பிராசசர் பெயரின் வால் எழுத்தையும் படிக்க வேண்டும். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே படம் காட்டும் வசதி கிடையாது, தனிக் கார்டு கட்டாயம். ஏஎம்டியில் 5600 என்றாலும் அப்படியே. 5600ஜி என்றால் கார்டு இல்லாமலே படம் வரும், சின்ன கேம்களும் ஓடும். கையில் காசு குறைவு, கார்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு அது கௌரவமான வழி. அதற்கு ரேமை ஒரே 16 ஆகப் போடாமல் இரண்டு 8 ஆகப் போட வேண்டும். இரட்டை மாட்டு வண்டி மாதிரி, இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் வேகம்.

ஐ3 12100எஃப், டிடிஆர்4 போடும் எச்610 போர்டு, இரண்டு 8 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ். மொத்தம் 21,400 ரூபாய். அதில் எஸ்எம்பிஎஸ் மட்டும் 4,000. "900 ரூபாய்க்கே 500 வாட் இருக்கு சார், எதுக்கு வேஸ்ட் பண்றீங்க?" என்றார் ஒரு கடைக்காரர். "லேபிளைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டார் அவருக்கு. நாங்கள் வாங்கியதில் 12 வோல்ட்டுக்கு 43 ஆம்பியர். 516 வாட். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை. எடை ஒன்றே முக்கால் கிலோ. பழைய கார்டும் எஸ்எஸ்டியும் நல்லவேளை பிழைத்துக்கொண்டன. பழைய மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸோடு உடன்கட்டை ஏறிவிட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். இந்த 21,400, பையன் வாங்கிய கார்டு 6,000, ஒரு எஸ்எஸ்டி, ஒரு சாதாரணக் கேபினெட். 38,000-க்குள் முதல் நாளே முடிந்திருக்க வேண்டிய வேலை. பணம் போதவில்லை என்பதே பொய். பெயருக்கும் விளக்குக்கும் கொடுத்துவிட்டு உயிர் நாடிக்குக் கொடுக்க மறுத்தோம். (ரேம் விலை இப்போது தாறுமாறாக ஏறிவிட்டது, அதனால் இந்தத் தொகைகளை வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் பழைய ரகக் கார்டுகளில் பல, கிரிப்டோ தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடியவை. வாங்கும் முன் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.)

வீட்டுக்கு வந்து பையன்தான் பூட்டினான். நான் டார்ச் பிடித்தேன். பிராசசருக்கான 8 பின் ஒயரும் கார்டுக்கான 8 பின் ஒயரும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே மாறுபட்டவை. அதை அவனே எனக்குக் காட்டினான். எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை இருட்டு. அரை மணி நேரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருந்தது. எஃப் பிராசசர், அங்கிருந்து எப்படிப் படம் வரும்? சொருகியது யார் என்று கேட்காதீர்கள். பையன் சிரித்தான், ஆனால் திட்டவில்லை.

எனக்குத் தெரிந்த துறையில் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. வேலையெல்லாம் முடிந்து கேபினெட்டில் கை வைத்தபோது லேசாக ஜிவ்வென்றது. டெஸ்டரை வைத்தால் எரிகிறது. பழைய வீடு, பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை அழகுக்கு இருந்தது, பின்னால் எர்த் கம்பியே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கன்டென்சர்களின் கசிவு எர்த்துக்குப் போக வேண்டும். போக வழியில்லை என்றால் பெட்டியில் நிற்கும், உங்கள் பேரன் விரலில் நிற்கும். அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுக்க வைத்தேன். 38,000 ரூபாய்க்கு விற்றவர் இதைக் கேட்டாரா என்றால், இல்லை. யாருமே கேட்பதில்லை.

"கேம் ஆடறதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வாங்கித் தராதீர்கள், அது உங்கள் வீட்டு முடிவு, நான் தலையிடவில்லை. வாங்கித் தருவது என்று முடிவு செய்த பிறகு ஏமாந்த பொருளை வாங்கித் தந்துவிட்டு, எரிந்ததும் பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எந்த ஊர் நியாயம்? படுக்கை அறையில் ராத்திரி பத்து மணிக்கு ஓடுகிற பெட்டி அது. அன்று "டப்"போடு நின்றது. திரைச்சீலை பக்கத்தில் இருந்திருந்தால்? கல்யாணத்துக்குத் தங்கம் வாங்கப் போகும்போது ஹால்மார்க் முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆட்கள்தான் நாமும். பேரனுக்கு வாங்கும்போது மட்டும் "கடைக்காரர் பாத்துக்குவார்" என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். பாத்துக்கொண்டார்தான், அவர் பக்கத்தை.

பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். பாகம் பாகமாக, மாடல் எண்ணோடு, சீரியல் எண்ணோடு, ஜிஎஸ்டி பில்லாகக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் கம்பெனிதான் உத்தரவாதம், ஒரு வரி பில்லை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பீர்கள்? நண்பர் நின்றார். "அதிக நேரம் ஆடியதால் வாரன்டி வராது" என்று அந்தக் கடையும் பையன் மேலேயே பழியைப் போட்டது. நாமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அவர்கள் ஏன் சொல்ல மாட்டார்கள்?

வருடம் ஆகப்போகிறது. அந்தச் செட் ஒழுங்காக ஓடுகிறது. பையன் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டான், காற்று போகவில்லை என்று. கலர் விளக்குக்கான ஒயரையும் பிடுங்கிவிட்டான். நண்பருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன செவ்வாய்க்கிழமை பூங்காவில் இன்னொரு நண்பர் பேச்சை ஆரம்பித்தார். பேத்திக்கு ஐ7 செட் ஒன்று சல்லிசாக வருகிறதாம், அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாராம். "எந்த ஜெனரேஷன் சார்?" என்று கேட்டேன். "ஜெனரேஷனா? புதுசுதான் சார், பெட்டி பிரிக்காததாம்" என்றார்.

அட்வான்ஸைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை நானும் கூட வருகிறேன் என்றேன். பையனும் வருகிறான், வெள்ளைத் தாளோடு.